விழுந்தேன்னு எழுதுங்க

"எட்டாவது கட்டத்தைத் திறங்க, டாக்டர்."

இசக்கியம்மாள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட்டாள். உட்கார்ந்தால் டீ வரும். ஊர், படிப்பு, குடும்பம் என்று விசாரிப்பார்கள். கடைசியில் வந்த காரியத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். இந்த மாதிரிக் குளிர்சாதன அறைகளிலிருந்து அவள் ஏற்கனவே இரண்டு முறை அப்படித் திரும்பியிருக்கிறாள்.

கேட்கவே கூடாது என்று சொல்லிவைத்த ஒரே விஷயம் அது. பயிற்சியின் முதல் நாளே சொன்னார்கள். படிவத்தில் எட்டுக் கட்டங்கள். ஏழு வரைக்கும் உங்கள் வேலை. எட்டாவதை இயந்திரமே நிரப்பி இயந்திரமே பூட்டிக்கொள்ளும். அதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம். அவளோடு ஜோடியாக வீடு வீடாக ஏறி இறங்கும் ஆம்பூர் ஷமீமாவும் சொன்னாள். வீட்டில் இவள் புலம்புவதைக் கேட்டுக் கேட்டு அம்மா மாடத்தியும் சொன்னாள், இந்த வாரத்தில் மட்டும் நாலு தடவை. இன்று காலையில் தோசையை இடக்கையால் திருப்பிப் போட்டவள், சட்டென்று கரண்டியை வலக்கைக்கு மாற்றிக்கொண்டாள். இடக்கைக்காரி என்று புகுந்த வீட்டில் வாங்கிய ஏச்சு முப்பது வருஷம் கழித்தும் அவளை விட்டுப் போகவில்லை.

"என்ன வேணும்னாலும் கேளு. அத மட்டும் கேட்டுராதட்டி."

சம்பளம் போய்விடும் என்று பயப்படுகிறாள், பாவம் என்று நினைத்தாள் இசக்கி. சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டாள்.

டாக்டர் எஸ்தர் ஞானதீபம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தேசம் முழுவதும் பல் கணக்கெடுப்பு நடத்தும் இந்த மையத்துக்கு அவர்தான் இயக்குநர். அறுபது வயது. நிதானமான குரல்.

"உக்காரு இசக்கி."

"நின்னே பேசுறேன்."

"சரி, நில்லு. யாரும்மா உன்னக் கேக்கச் சொன்னா?"

"வரைவு அறிக்கை சொல்லுச்சு."

அது நேற்றுதான் வந்திருந்தது. இருநூற்றுப் பதினாலு பக்கம். மூன்று வருஷமாக ஆயிரத்து நானூறு பேர் வெயிலில் அலைந்து, லட்சக்கணக்கான வாய்களைத் திறக்கச் சொல்லிப் பார்த்து எழுதிய கணக்கு. நாட்டில் ஐந்தில் ஒருவருக்கு அடிபட்ட பல் இருக்கிறது. காரணம், கீழே விழுதல், எழுபத்தொன்பது சதவீதம். பரிந்துரை, குடும்ப அட்டை ஒன்றுக்குக் குளியலறை ரப்பர் விரிப்பு ஒன்று. அதைப் படித்துவிட்டு ஷமீமா, இந்த நாட்டுக்காரங்க இன்னும் நடக்கவே கத்துக்கல போல என்றாள். இசக்கி சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் போய், ஷமீமா பயந்து தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று.

ஏழாவது கட்டத்தின் கேள்வி, பல் எப்படி உடைந்தது என்பது. வாய் சொல்கிற பதிலை அப்படியே எழுத வேண்டும். எட்டாவது கட்டத்தில் பல் சொல்கிற பதில் இருக்கிறது. அந்தக் கருவிக்கு அரசாங்கம் வைத்த பெயர் பல்வாசிப்பான். களத்தில் எல்லோரும் டார்ச் என்பார்கள்; பார்க்க அப்படித்தான் இருக்கும். உடைந்த பல்லின்மேல் பத்து நொடி நீல வெளிச்சம் அடித்தால் போதும்.

அதைப் பற்றி இசக்கியிடம் முதலில் நேராகக் கேட்டவள் பூமயில். கொங்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலை விடுதி. அங்கே தங்கி வேலை செய்யும் பத்தொன்பது பெண்களுக்கு உடைந்த முன்பல். அவர்களில் சின்னவள் இவள், பதினேழு வயது.

"அந்த டார்ச்சுக்கு என்னக்கா தெரியும்?"

"எலும்பு ஒடஞ்சா கூடிரும், தோலு கிழிஞ்சா மூடிரும். பல்லு மட்டும் பட்ட அடியப் பட்டபடியே வச்சிருக்கும். எந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சு, என்ன வேகம், பட்டது தரையா, இரும்பா, கையா. எல்லாம் அந்த விரிசல்ல இருக்கு. டார்ச் அதப் படிச்சிரும்."

பூமயில் வாயை மூடிக்கொண்டாள். விடுதிக் காப்பாளர் அம்மாள் வாசலில் நின்று தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தாள்.

"குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன். விழுந்தேன்னு எழுதுங்கக்கா."

பத்தொன்பது பேரும் அந்த ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். வழுக்கி, விழுந்து, குளியலறை, சொல்கூட மாறவில்லை. பத்தொன்பது பேருக்கும் உடைந்தது மேல்வரிசையில் இடப்பக்க முன்பல். இசக்கி பத்தொன்பது தடவை எழுதிக்கொண்டாள்.

தான் எழுதிக் கொண்டுவந்த நாலு பக்கத்தை அவள் டாக்டர் முன்னால் வைத்தாள். திருநெல்வேலியில் அரசு கல்லூரியில் புள்ளியியல் படித்தவள் அவள். லாரிக்கு மூட்டை ஏற்றி இறக்கிய அப்பா பலவேசத்தின் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். படிப்பு அவளுக்குப் பணிவைக் கற்றுக்கொடுக்கவில்லை. எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது.

"எட்டாவத நான் திறக்கல. எனக்குத் தெரிஞ்ச ஏழு கட்டத்த மட்டும் வச்சுத்தான் பாத்தேன். விழுந்து ஒடஞ்சதுன்னு எழுதின பல்லுல முக்கால்வாசி இடப்பக்கம். விழுறவன் இடம் வலம் பாத்தா டாக்டர் விழுவான்? வலக்கைக்காரன் எதுத்தாப்ல நின்னு அடிச்சா எந்தப் பக்கம் ஒடையும்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். நாட்டுக்கே கையால அடி விழுந்திருக்கு. நாம பாய் விரிக்கிறோம்."

டாக்டர் பக்கங்களைத் தொடவில்லை. மறுப்பார் என்று எதிர்பார்த்திருந்தாள். அவர் மறுக்கவில்லை.

"தெரியும்" என்றார். "மூணு வருஷமா தெரியும்."

அப்புறம் அவர் சொன்னார். கணக்கெடுப்பு தொடங்குமுன் ஒரு மாவட்டத்தில் ஒத்திகை பார்த்தார்களாம். அப்போது எட்டாவது கட்டம் திறந்துதான் இருந்தது. பேர் போடவில்லை, ஊர்வாரியாக எண்ணிக்கை மட்டும். ஆனால் ஓர் ஊரில் உடைந்த பல் மூன்றே பேருக்கு என்றால், யார் அந்த மூன்று பேர் என்று ஊருக்குத் தெரியாதா. ஒரு மாதம் கழித்துச் சரிபார்க்கப் போனவர்கள் முப்பத்தேழு பெண்களின் வாயில் உடைந்த பல்லைத் தேடினார்கள். இல்லை.

"சாட்சியப் புடுங்கிட்டாங்க இசக்கி. சில பேருக்கு வீட்டுலயே, குறடு வச்சு. அதுல ரெண்டு பேரு சீழ் புடிச்சுச் செத்துப்போனாங்க. அந்த ரெண்டு பேரோட வாயையும் வாசிச்சது நான்தான். பூட்டச் சொல்லி அமைச்சகத்துக்கு எழுதினதும் நான்தான்."

ஒரு வில்லியைப் பார்க்கத்தான் அவள் ஐந்து மாடி ஏறி வந்திருந்தாள். ஆனால் கையில் இன்னொன்று இருந்தது. அதைக் கடைசிக்கு வைத்திருந்தாள்.

"போன வாரம் அந்த விடுதிக்கு மறுபடி போனேன். பத்தொன்பது பேர்ல ஏழு பேருக்கு அந்தப் பல்லு இல்ல. பூமயிலுக்கும் இல்ல. வலிச்சுச்சாம், மில்லுக்காரங்களே செலவு பண்ணி எடுத்துவிட்டாங்களாம். எங்கிட்டச் சொல்லும்போது நன்றியோட சொல்லுது அந்தப் புள்ள. நீங்க மூடி வச்சும் புடுங்குறாங்க, டாக்டர். அடுத்த தடவை போனா மிச்சம் பன்னெண்டும் இருக்காது. அப்புறம் நீங்க திறந்தாலும் மூடினாலும் ஒண்ணுதான்."

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பினார். கீழே சாலையில் மாநகரப் பேருந்து ஒன்று பழுதாகி நின்றது; ஆட்கள் இறங்கி நடந்துகொண்டிருந்தார்கள்.

"ஊர் வேண்டாம், மாவட்டம் வேண்டாம்" என்றாள் இசக்கி. "நாட்டுக்கு மொத்தமா ஒரே ஒரு எண். இத்தன சதவீதம் விழல, அடிச்சதுன்னு. அந்த எண்ண வச்சு யாரும் யாரு வாயையும் தேட முடியாது. ஆனா அது அச்சுல வந்தா நாடு பூரா விடுதிகள்ல சோதனை போட்டே ஆகணும், சட்டத்துலயே இருக்கு. நான் கேக்கிறது அவ்வளவுதான்."

"அத நானும் கேட்டேன். என்ன சொன்னாங்க தெரியுமா? அந்த எண்ண வெளியிடணும்னா மெஷின் பொய் சொல்லலைன்னு முதல்ல நிரூபிங்கன்னாங்க. அத நிரூபிக்க ஒரு வழி ஏற்கனவே இருக்கு. தினமும் காலையில களத்துக்குப் போகுமுன்ன என்ன செய்றீங்க?"

இசக்கிக்குப் புரிய ஒரு கணம் ஆனது. தினமும் காலையில் டார்ச்சின் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஜோடியில் ஒருத்தி மற்றவள் வாயை வாசிக்க வேண்டும். ஷமீமா இவள் வாயில் டார்ச் அடிப்பாள், எப்படி உடைஞ்சது என்று படிவத்தில் உள்ளபடி கேட்பாள், சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்று இவள் சொல்வதை ஏழாவது கட்டத்தில் எழுதுவாள். பிறகு இவள் ஷமீமாவுக்கு. பல் விளக்குவது போல அதுவும் ஒரு காலை வேலை. ஷமீமா தினமும் ஒரு சைக்கிள் பெயர் சேர்த்துக் கேலி செய்வாள்: நேத்து அட்லஸ், இன்னைக்கு ஹீரோவாடி?

"ஆயிரத்து நானூறு பேர்" என்றார் டாக்டர். "அதுல முந்நூத்துப் பத்து பேருக்கு உடைஞ்ச பல்லு. நாட்டுக் கணக்கவிட ஒரு பிடி அதிகம். வாய் சொல்றதும் பல் சொல்றதும் பாதிப் பேருக்காவது ஒத்துப்போனா மெஷின் சரின்னு விதி. கணக்கெடுக்கிறவங்க படிச்ச புள்ளைங்க, பொய் சொல்ல மாட்டாங்கன்னு நம்பி எழுதின விதி. நீங்க என்ன எழுதினீங்க?"

இசக்கியின் நாக்கு தானாகப் போய் அந்தப் பல்லைத் தொட்டது. மேல்வரிசையில், முனை போய்ச் சாய்வாக நிற்கும் முன்பல். பதினாறு வருஷமாக நாக்கு போய் உட்காரும் இடம்.

"எத்தன பேரு ஒத்துப்போச்சு?"

"நாப்பத்தாறு. நிஜமாவே விழுந்தவங்க. மத்தவங்க எல்லாரும் விழுந்தேன், பந்து பட்டுச்சு, பம்புக் கைப்பிடி அடிச்சுச்சு. நூத்தம்பத்தஞ்சு வேணும். பூட்டு நான் போட்டது. அது திறக்காதபடி தினமும் இறுக்கினது நீங்க."

அந்த அறையில் யாரோ அவளைக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. பூமயிலை மனசுக்குள் எத்தனை தடவை திட்டியிருக்கிறாள். உண்மையைச் சொன்னால் என்ன, சோறா போய்விடும் என்று. அவள் மட்டும் எழுநூற்றுப் பன்னிரண்டு காலை, ஒருத்தரும் மிரட்டாமல், வாசலில் எந்தக் காப்பாளரும் நிற்காமல், சைக்கிள் சைக்கிள் என்று எழுதவைத்திருக்கிறாள்.

"மாத்தி எழுதுறேன்" என்றாள். "இப்பவே. எங்கப்பா அடிச்சது."

"ஏழாவது கட்டத்துல அடிச்ச ஆள் வந்தா அது புகார். போலீஸ் ஸ்டேஷனுக்குத் தானா போயிரும்."

"போகட்டும். அவரு செத்து மூணு வருஷம் ஆச்சு. பெரியாஸ்பத்திரியில கெடந்து, என்னப் பாக்கணும்னு ஆள்விட்டாரு. நான் போகல. எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல."

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இவ்வளவு நேரம் தொடாமலிருந்த நாலு பக்கத்தை இழுத்தார். இரண்டாம் பக்கத்தைப் புரட்டி மெதுவாக வாசித்தார். "வலக்கைக்காரர் எதிரே நின்று அடித்தால் அடிபட்டவரின் இடப்பக்கப் பல் உடையும். வலப்பக்கப் பல் உடைந்திருந்தால் அடித்தவர் இடக்கைக்காரராக இருக்கவே வாய்ப்பு அதிகம்." தாளைக் கீழே வைத்தார். "நல்லா எழுதியிருக்க. உன் பல்லு எந்தப் பக்கம், இசக்கி?"

நாக்கு அங்கேதான் இருந்தது. வலப்பக்கம்.

மூன்று லட்சம் பற்களை இடம் வலம் பிரித்து அட்டவணை போட்டவள், தன் வாயில் இருந்த ஒன்றை எந்த அட்டவணையிலும் சேர்க்கவில்லை.

"என் வரியைத் திறங்க" என்றாள். "என்னோடத நான் பாக்கலாம்ல?"

பார்க்கலாம், அது விதியில் இருந்தது. டாக்டர் வேண்டாம் என்று ஒருமுறை சொன்னார். அப்புறம் திரையை இவள் பக்கம் திருப்பினார். எட்டாவது கட்டத்தில் சின்ன எழுத்தில் மூன்று வரிகள். இடக்கை, எதிரிலிருந்து. அடித்தவர் உயரம் ஐந்தடிக்கும் குறைவு. பொருள்: உலோகம், வளைந்த விளிம்பு.

பதினாறு வருஷத்துக்கு முன், விளக்கு வைக்கிற நேரம், கரண்ட் போயிருந்தது. அன்று மதியம்தான் வீட்டுக்கு வந்த சுகாதார நர்சம்மாவிடம் பதினோரு வயது இசக்கி சொல்லியிருந்தாள்: எங்கம்மா விழல, எங்கப்பா அடிச்சாரு. அது அப்பா காதுக்குப் போய்விட்டது. அப்பா வந்தார். வாசலில் அந்தி வெளிச்சத்தை மறித்துக்கொண்டு நின்றார். அந்த நிழல் இவளுக்கு இன்றும் கண்ணுக்குள் இருக்கிறது. எவ சொன்னா என்று கத்தினார். நான்தான் என்று இவள் அடுப்படியில் அம்மா அருகிலிருந்து வாயைத் திறந்தாள். இருட்டில் அடி விழுந்தது.

அடி விழும்போதும் வாசலிலேயே நின்றவர் அடுப்படியில் இருந்தவளை எப்படி அடித்திருக்க முடியும்? பதினாறு வருஷத்தில் ஒருதடவை கூட அவள் இதைக் கேட்டுக்கொள்ளவில்லை. அப்பாவும் நான் இல்லை என்று சொன்னதில்லை. அத்தனை அடி அடித்தவருக்கு, எது தன் அடி, எது இல்லை என்று தெரிந்திருக்காது. அம்மாதான் ரத்தத்தைத் துடைத்துவிட்டாள். அம்மாதான் சொல்லிக்கொடுத்தாள்: சைக்கிள்ல இருந்து விழுந்தேன்னு சொல்லு. வாயைத் திறந்த பிள்ளையை அவர் கைக்குப் போகுமுன் தன் கையால் மூடப் பார்த்தாளோ, பயமோ, கோபமோ; பல்லுக்கு அதெல்லாம் தெரியாது. அது கரண்டியை மட்டும் வைத்திருக்கிறது.

அத மட்டும் கேட்டுராதட்டி. சம்பளத்துக்காகச் சொல்லவில்லை அவள்.

"சைக்கிள்னே இருக்கட்டும்" என்றார் டாக்டர். குரலில் அதிகாரம் இல்லை. "யாரும் உன்னக் கேக்கப்போறதில்ல. அம்மா உன்கூடத்தான இருக்காங்க? நீ அப்பான்னு எழுதினா அதுவும் ஒத்துப்போகாது, மெஷின் இன்னொரு தடவ பொய்யாகும். நிஜத்த எழுதினா ஸ்டேஷன்லேருந்து ஆள் வரும். ஒரே ஒரு வரி கூடும். நாப்பத்தேழு. ஒண்ண வச்சு என்ன பண்ணப்போற?"

"எண்ணுறது ஒண்ணுலேருந்துதான டாக்டர் ஆரம்பிக்கும்?"

அப்பாவின் பேரை எழுத அவளுக்கு ஒரு நொடிகூட ஆகியிருக்காது. அது செத்துப்போன பேர், யாரும் குறுக்கே வரமாட்டார்கள். அந்த விடுதியில் பத்தொன்பது பேரிடம் அவள் கேட்டது அதுவல்ல. உயிரோடு இருக்கிறவர் பேரை, நாளைக் காலையில் முகத்தில் விழிக்க வேண்டியவர் பேரைத்தான் கேட்டாள். அதுவும் கையில் பேனாவை வைத்துக்கொண்டு, அவசரமாக, அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்று.

இடுப்புப் பையிலிருந்து கைக்கருவியை எடுத்தாள். தன் வரி. ஏழாவது கட்டம். சைக்கிளிலிருந்து விழுந்தேன். அதை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். அந்த இடத்தில் 'அம்மா, கரண்டியால்' என்று அடித்தாள். உறுதி செய்கிறீர்களா என்று கேட்டது. செய்தாள். டாக்டரின் திரையில் அந்த வரி பச்சையானது.

ஷமீமாவிடம் சொல்ல வேண்டும். ஷமீமாவின் உடைந்த பல் இடப்பக்கம். திராட்சை விற்கிறவன் தள்ளுவண்டி இடித்தது என்று தினமும் சொல்கிறாள். சொல்லலாம், கட்டாயப்படுத்த முடியாது. மீதி நூற்று எட்டுப் பேரும் அவரவர் அடுப்படியைத் தாண்டித்தான் வர வேண்டும்.

அவள் கைக்கருவியையும் அடையாள அட்டையையும் மேசைமேல் வைத்தாள். கேட்டவர்கள் மறுநாள் வர வேண்டாம் என்பதுதானே விதி. கதவுவரை போனவள் நின்றாள். மூன்று வருஷம் வாயையே பார்த்துப் பிழைத்தவள் அவள். எதிரே இருப்பவர் சிரித்தால் முகம் கண்ணில் படாது, பல்தான் படும். இந்த அறைக்குள் வந்ததிலிருந்து அவள் கண்ணில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. டாக்டரின் மேல்வரிசையில் இடப்பக்கம் இரண்டு முன்பற்கள், மற்றவற்றைவிட ஒரு சாயல் வெளுப்பாக, கொஞ்சமும் தேயாமல் இருந்தன.

"உங்களோடது எப்ப எடுத்தீங்க, டாக்டர்?"

டாக்டர் உதட்டை மூடிக்கொண்டார். "டார்ச்சுக்கு அனுமதி வந்த மாசம்" என்றார்.

"அதுக்கு முன்ன எப்படி ஒடஞ்சுது?"

டாக்டர் எஸ்தர் ஞானதீபம் நாலு பக்கத்தையும் அடுக்கி, ஓரம் தட்டிச் சரிசெய்து, மேசை நடுவில் வைத்தார்.

"விழுந்துட்டேன்" என்றார்.

இசக்கி தலையை ஆட்டினாள். எழுதிக்கொள்ள இப்போது அவளிடம் கருவி இல்லை. கதவைத் திறந்து வெளியே வந்தாள். லிஃப்டுக்கு நிற்காமல் படியில் இறங்கினாள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் கைப்பேசி ஒலித்தது. அம்மா. மதியம் சாப்பிட்டாயா என்று கேட்கிற நேரம். அடித்து முடியட்டும் என்று கையிலேயே வைத்துக்கொண்டு இறங்கினாள். இதைப் போனில் சொல்ல முடியாது. ஸ்டேஷனிலிருந்து ஆள் வருவதற்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும்.